தெப்பக்குளத்தைச் சுத்தி அஞ்சு கிலோமீட்டர்: புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்க ஓட்டம், யோசனை சொல்லுங்க

விலங்கியல்_மூணு (சனி, இரவு 9.12)

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில ஒரு காலேஜ்ல பி.எஸ்சி. விலங்கியல் மூணாம் வருஷம் படிக்கிறேன். எங்க துறை மன்றம் சார்பா, பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாளுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை காலையில ஒரு ஓட்டம் நடத்தலாம்னு இருக்கோம். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுத்தி அஞ்சு கிலோமீட்டர். சேர்ற பணம் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு.

இப்ப கையில இருக்கிற திட்டம்: 800 பேர், தலைக்கு 300 ரூபா. எல்லாருக்கும் டி-ஷர்ட் (திருப்பூர்ல கேட்டாச்சு, ஒண்ணு 140), மெடல் (60), ஓடி முடிச்சதும் டிபன் (50). மேடை, மைக் செட், ஜூம்பா, போட்டோ எல்லாம் சேர்த்து 30,000. ஒரு குளிர்பான ஏஜென்ட் பேனர் போட்டா கொஞ்சம் தர்றேன்னு சொல்லியிருக்கார்.

முன்னாடி இந்த மாதிரி நடத்தினவங்க, ஓடினவங்க யாராவது இருந்தா எங்கெங்க இடிக்கும்னு சொல்லுங்க. எங்க யாருக்கும் அனுபவம் இல்ல.

பற்றுவரவு (சனி, இரவு 9.40)

தங்கச்சி, நான் ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பார்க்கிறவன். இடிக்கிற இடம் உங்க பதிவுலயே இருக்கு, கூட்டிப் பார்க்காம விட்டுட்டீங்க.

வரவு 2,40,000. டி-ஷர்ட் 1,12,000. மெடல் 48,000. டிபன் 40,000. மேடை வகையறா 30,000. செலவு 2,30,000. மிச்சம் 10,000. ஒருத்தர் 300 ரூபா கொடுத்தா ஆராய்ச்சிக்குப் போறது பன்னிரண்டரை ரூபா. மீதியை அவரே சட்டையாப் போட்டுக்கிட்டு, தோசையா சாப்பிட்டுட்டுப் போயிடுவார்.

அதுவும் 800 பேர் வந்தா. 500 பேர் வந்து, டி-ஷர்ட் மட்டும் 800 அடிச்சிருந்தா, உங்க மன்றம் கைக்காசு போடணும்.

ஹாஸ்டல்_பி_பிளாக் (சனி, இரவு 9.58)

அண்ணே, நானும் அவ கிளாஸ்தான். டி-ஷர்ட் இல்லேன்னா பசங்க ஒருத்தன் வரமாட்டான். ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு எழுப்பறதே பெரிய பாடு. மெடல் போட்டோ ஸ்டேட்டஸ்ல வைக்கத்தான் பாதிப் பேர் வருவாங்க, அதுதான் உண்மை.

வைகை_மண்ணு (சனி, இரவு 10.21)

பதினெட்டு வருஷமா ஓடுறேன். வீட்ல ஒரு டிரங்குப் பெட்டி நிறைய மெடல் கிடக்கு, பேரன் சக்கரம் விடுறான். அதை விடுங்க, எனக்கு முதல்ல தேதிதான் இடிக்குது. காலண்டரைப் பார்த்தியாம்மா? நீ சொல்ற ஞாயித்துக்கிழமைதான் தைப்பூசம். திருமலை நாயக்கர் பிறந்த நட்சத்திரம்னு சொல்லி அன்னைக்குத்தான் தெப்பத் திருவிழா. அம்மனும் சுவாமியும் காலையில ரெண்டு சுத்து, சாயங்காலம் ஒரு சுத்து தெப்பத்துல வருவாங்க. ஊரே அங்கதான் நிக்கும். அந்தக் கூட்டத்துல நீங்க நாலு சுத்து எங்கிட்டு ஓடுவீங்க?

ரெண்டு, மூணு வாரம் தள்ளிப் போடுங்க. நவம்பர் 7-ம் ஒரு புற்றுநோய் விழிப்புணர்வு நாள்தான், ஆனா அது நம்ம ஊர்ல மழைக்காலம். பிப்ரவரியே நல்லது, மாசி முடிஞ்சா வெயில் ஏறிடும்.

பாதை அளவு: குளம் கிட்டத்தட்ட ஆயிரம் அடிக்கு ஆயிரம் அடி. கரையை ஒட்டி ஒரு சுத்து ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர். நாலு சுத்துன்னா அஞ்சுக்குக் கொஞ்சம் குறையும். அதைப் பெரிசு பண்ணாதீங்க, யாரும் ஒலிம்பிக் போகல. சுத்துக் கணக்குல இன்னொரு வசதியும் இருக்கு. முடியாதவங்க ரெண்டு சுத்தோட கௌரவமா நின்னுக்கலாம்.

அனுமதிக்குப் போலீஸ் கமிஷனர் ஆபீஸ், மாநகராட்சி ரெண்டுக்கும் மனு கொடுக்கணும். குளம் மீனாட்சி கோயிலுக்குச் சொந்தம், அதனால கோயில் நிர்வாகத்துக்கும் ஒரு கடிதம். பிரின்சிபால் லெட்டர்ஹெட்ல போனாத்தான் எடுபடும். ஒரு மாசம் முன்னாடி கொடுங்க.

திருமங்கலத்தான் (சனி, இரவு 11.05)

யாரும் கோவிச்சுக்க வேண்டாம். என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய், ரெண்டரை வருஷம் மெட்ராஸ்ல வச்சுப் பார்த்தேன். இன்சூரன்ஸ் அட்டையில வைத்தியச் செலவு பெரும்பாலும் போயிடுச்சு. போகாதது எது தெரியுமா? ரூம் வாடகை, ஆட்டோ, சாப்பாடு, விட்டுட்டு வந்த கூலி. வராண்டாவுல பாய் விரிச்சுப் படுத்திருக்கிற சனங்களைப் பார்த்தவன் நான். அங்க இருக்கிறவனுக்கு பஸ் காசு இல்ல, நீங்க ஆராய்ச்சிங்கிறீங்க. எந்த ஆராய்ச்சி, யாரு பண்றது, யாருக்கு?

விலங்கியல்_மூணு (சனி, இரவு 11.31)

ஐயா, எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. எங்க பெரியம்மா கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ல போனாங்க, அதனாலதான் இந்த யோசனையே வந்துச்சு. ஆராய்ச்சின்னு போட்டதுக்குக் காரணம், நாங்க உயிரியல் பசங்க, அவ்வளவுதான். சரியா யோசிக்கலதான்.

ஆய்வுக்கூட_எலி (ஞாயிறு, காலை 6.50)

ஐயா கேட்டது நியாயமான கேள்வி. நான் இந்தத் துறையில பிஎச்.டி. பண்றவன், எனக்குத் தெரிஞ்ச வரை பதில் சொல்றேன். கொஞ்சம் நீளும்.

மதுரைக்காரங்களுக்கு ஆராய்ச்சின்னா என்னன்னு காட்ட பாஸ்டன் வரைக்கும் போக வேண்டாம். ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கை இருக்கே, அங்க ஒரு சமூக மருத்துவ மையம். அதை மையமா வச்சு 2000-ல திண்டுக்கல் மாவட்டத்துல ஒரு ஆய்வு தொடங்கினாங்க. 30 வயசுல இருந்து 59 வயசு வரைக்கும் உள்ள பெண்கள், மொத்தம் 80,000-க்கு மேல. ஊர்களை ரெண்டு பிரிவாப் பிரிச்சு, ஒரு பிரிவுல மட்டும் பயிற்சி எடுத்த நர்ஸுங்க பரிசோதனை பண்ணாங்க. பரிசோதனைன்னா பெரிய மெஷின் கிடையாது. நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது நம்ம ஊறுகாயில ஊத்துற வினிகர் சமாச்சாரம். கர்ப்பப்பை வாயில தடவிட்டு ஒரு நிமிஷம் பார்க்கணும். கோளாறு இருக்கிற இடம் வெள்ளையாத் தெரியும். தேவைப்பட்டவங்களுக்கு அங்கயே உறைய வைக்கிற சிகிச்சை.

2007-ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல முடிவு வந்துச்சு. பரிசோதனை நடந்த ஊர்கள்ல அந்தப் புற்றுநோயால சாவு 35 சதவீதம் குறைவு. டாக்டர் இல்லாத ஊர்லயும் நர்ஸ் ஒருத்தரே இதைச் செய்ய முடியும்னு உலகத்துக்குக் காட்டினது நம்ம பக்கத்து மாவட்டத்துப் பெண்கள். தங்கச்சி, உங்க பெரியம்மாவுக்கு வந்தது அதே நோய்தான்.

சென்னை ஐஐடியில 2025 பிப்ரவரியில ஒரு புற்றுநோய் மரபணுத் தரவுத் தொகுப்பு வெளியிட்டாங்க, 480 மார்பகப் புற்றுநோயாளிங்க மாதிரியை வச்சு. நம்ம ஆளுங்க உடம்புல வர்ற கட்டியைப் பத்தி வெள்ளைக்காரன் தரவை வச்சே பேசிக்கிட்டு இருந்தா எப்படி? அதுக்குத்தான் இந்த வேலை. யாருக்கு எந்த ஊர்ல எந்தப் புற்றுநோய் வருதுன்னு வருஷக்கணக்காப் பதிவேடு எழுதிக்கிட்டு இருக்காங்களே, அதுவும் ஆராய்ச்சிதான். அதுக்கு மேடையே கிடையாது, பாவம்.

ஆனா ஐயா சொன்னதுல பாதி உண்மை இருக்கு. 'ஆராய்ச்சிக்கு'ன்னு போஸ்டர்ல போட்டுட்டு, பணத்தை ஆஸ்பத்திரியோட பொதுக் கணக்குல போட்டா, அது கட்டடத்துக்கும் போகலாம், கட்டிலுக்கும் போகலாம். தப்பில்ல, ஆனா நீங்க சொன்னது அது இல்லையே. அதனால ஓட்டத்துக்கு முன்னாடி, போஸ்டருக்கும் முன்னாடி, வாங்கிக்கப் போற நிறுவனத்துகிட்ட பேசுங்க. எந்த நிதிக்கு, எந்த வேலைக்குன்னு ஒரு கடிதம் வாங்குங்க. அந்த வரியைத்தான் போஸ்டர்ல போடணும்.

பற்றுவரவு (ஞாயிறு, காலை 8.15)

எலி சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. பணம் மாணவர் யாரோட கணக்குலயும், அது தலைவரோ பொருளாளரோ, விழவே கூடாது. போன்ல இருக்கிற சொந்த க்யூஆர் கோடை நோட்டீஸ்ல போடற பழக்கம் பார்க்கிறேன். ஒரே நாள்ல நானூறு பேர் போட்டா பேங்க் கணக்கை முடக்கி வைக்கும், அப்புறம் நீங்க மேனேஜர் முன்னாடி நிக்கணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு காலேஜ்ல இப்படிச் சேர்த்த பணம் பொருளாளர் பையன் கணக்குலயே எட்டு மாசம் கிடந்துச்சு. பையன் நல்லவன், ஒரு பைசா தொடல. ஆனா பேரு கெட்டுப்போச்சு.

கொடுக்கிறவங்க நேரா ஆஸ்பத்திரி கணக்குக்கு அனுப்பட்டும். பரிவர்த்தனை எண்ணை மட்டும் நீங்க ஒரு தாள்ல குறிச்சுக்கோங்க. ரசீது அவங்க தருவாங்க, 80ஜி, அதாவது நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை வேணும்கிறவர் பான் எண்ணையும் அவங்ககிட்டயே கொடுத்துக்குவார். ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல கொடுத்தா அந்தச் சலுகை கிடைக்காது, புது வரிமுறையில இருக்கிறவங்களுக்கு எப்படியும் கிடையாது. 'வரிவிலக்கு உண்டு'ன்னு மொட்டையா நோட்டீஸ் அடிக்காதீங்க. டி-ஷர்ட்டுக்கும் தோசைக்கும் வாங்குற 300 ரூபா நன்கொடையே இல்ல, கட்டணம். அதுக்கு 80ஜி ரசீது யாரும் தர முடியாது.

பருத்தித்துறை_வடை (ஞாயிறு, காலை 9.02)

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். 2011 ஆடியில இஞ்ச ஒரு நடை நடந்தது. தெற்கு முனை தெய்வேந்திரமுனையில இருந்து வடக்கு முனை எங்கட பருத்தித்துறை வரைக்கும், 27 நாள், 670 கிலோமீட்டர். தெல்லிப்பழையில புற்றுநோய் ஆஸ்பத்திரி கட்ட. யுத்தம் முடிஞ்சு ரெண்டு வருசம்தான். சிங்களச் சனம், தமிழ்ச் சனம் எல்லாம் வழி வழியாச் சேர்ந்து நடந்தவை. ஆஸ்பத்திரி இப்ப நிக்குது, எங்கட மாமி அங்கதான் காட்டுறவ.

நான் அப்ப பள்ளிக்கூடப் பெடியன். கடைசி நாள் வல்லை வெளிப் பக்கம் போய் நிண்டு பாத்தனான். எனக்கு ஞாபகம் நிக்கிறது மெடலோ ரீசேட்டோ இல்லை. எந்த ஆஸ்பத்திரி, எங்க கட்டப் போகினம் எண்டு கேட்ட ஆக்கள் எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. கச்சான், உங்கட நிலக்கடலை, விக்கிற ஆச்சியும் சொல்லுவா. அதைச் செய்யுங்கோ தங்கச்சி, மிச்சம் தானா வரும்.

வைகை_மண்ணு (ஞாயிறு, காலை 10.30)

வடைத் தம்பி சொன்னதும் எனக்கு டெர்ரி ஃபாக்ஸ் ஞாபகம் வந்துட்டான். கனடாக்காரன். எலும்புப் புற்றுநோய், 1977-ல வலது காலை முழங்காலுக்கு மேல எடுத்துட்டாங்க. 1980 ஏப்ரல் 12 அன்னைக்கு, அட்லாண்டிக் கரையில செயின்ட் ஜான்ஸ் ஊர்ல இருந்து செயற்கைக் காலோட ஓட ஆரம்பிச்சான். தினம் ஒரு மாரத்தான் தூரம். 143 நாள், 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவி தண்டர் பே பக்கத்துல நின்னான். அடுத்த வருஷம் ஜூன்ல போயிட்டான், வயசு 22. நாட்டுல ஆளுக்கு ஒரு டாலர்னு கேட்டான். உயிரோட இருக்கும்போதே அந்தக் கணக்கு நிறைஞ்சு 24 மில்லியன் டாலருக்கு மேல சேர்ந்துடுச்சு.

கவனிக்க வேண்டியது அவன் கம்பெனிக்காரங்களை நடத்தின விதம். சும்மா கொடுக்கிறியா வாங்கிக்கிறேன், உன் பேரை என் சட்டையில எழுத மாட்டேன். அதனால இன்னைக்கும் அவன் பேர்ல நடக்கிற ஓட்டத்துல பரிசு கிடையாது, முதல் இடம் ரெண்டாம் இடம் கிடையாது, விளம்பரப் பேனர் கிடையாது. சென்னை ஐஐடியிலயும் அந்த ஓட்டம் நடந்திருக்கு.

குளிர்பான ஏஜென்ட்டைக் கும்பிட்டு அனுப்பிடுங்க. புற்றுநோய் ஓட்டத்துல சர்க்கரைத் தண்ணி பேனர், பார்க்கவே நல்லா இல்ல.

சும்மா_வந்தவன் (ஞாயிறு, மதியம் 1.44)

இவ்வளவு பேர் பேசுறீங்க, மொய் நோட்டு ஒண்ணு போட்டா முடிஞ்சுது.

விளையாட்டுக்குச் சொல்லல. ஓடுறவன் ஒவ்வொருத்தன் கையிலயும் ஒரு சின்ன மொய் நோட்டு. மாமா, சித்தி, டீக்கடை அண்ணாச்சி, பக்கத்து வீட்டு வாத்தியார்னு போய் 'நான் தெப்பக்குளத்தைச் சுத்தி ஓடுறேன், சுத்துக்கு எவ்வளவு எழுதுறீங்க'ன்னு கேக்கணும். பேரு, ஊரு, சுத்துக்கு இவ்வளவு. ஓடி முடிச்சதும் நோட்டை எடுத்துக்கிட்டுப் போய், 'நாலு சுத்து முடிச்சுட்டேன் மாமா'ன்னு ஆஸ்பத்திரி க்யூஆர் கோடை நீட்டு. நம்ம ஊர்ல மொய் எழுதிட்டு செய்யாம விட்டவன் உண்டா?

ஒரு புள்ளைக்கு இருபது பேர், சுத்துக்கு பத்து ரூபா, நாலு சுத்து. 800 ரூபா. நூறு புள்ளைங்க ஓடினா எண்பதாயிரம். 800 பேரை வச்சு பத்தாயிரம் சேர்த்த கணக்கோட பாருங்க.

பற்றுவரவு (ஞாயிறு, மதியம் 1.59)

கணக்கு சரி. எனக்கு இது தோணலையேன்னு கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு.

ஹாஸ்டல்_பி_பிளாக் (ஞாயிறு, மதியம் 2.20)

ஹாஸ்டல் பசங்களுக்கு இங்க மாமாவும் சித்தியும் எங்கண்ணே இருக்காங்க? போன்ல கேட்டா 'முதல்ல அரியரை முடி'ம்பாங்க.

சும்மா_வந்தவன் (ஞாயிறு, மதியம் 2.26)

அரியர் முடிச்சா சுத்துக்கு நூறு ரூபான்னு எழுதச் சொல்லு. ரெண்டும் நடக்கும்.

ஏழாம்_வார்டு (ஞாயிறு, இரவு 8.10)

டூட்டி முடிஞ்சு இப்பத்தான் பார்த்தேன். புற்றுநோய் வார்டுல பதினொரு வருஷமா நர்ஸ். ரெண்டு விஷயம் மட்டும் சொல்லணும் பாப்பா, மத்ததை எல்லாரும் சொல்லிட்டாங்க.

மேடை போட்டா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். குணமான ஒருத்தரை மேல ஏத்தி, மைக்கைக் கொடுத்து 'உங்க அனுபவத்தைச் சொல்லுங்க'ம்பாங்க. அவங்க அழுவாங்க, கீழ எல்லாரும் கைதட்டுவாங்க, போன்ல எடுப்பாங்க. எங்க பேஷன்ட் ஒரு அக்கா அப்படிப் போய்ப் பேசிட்டு வந்தாங்க. அந்த வீடியோ அவங்க பொண்ணோட மாமியார் வீட்டு வரைக்கும் போயிடுச்சு. அதுவரைக்கும் அந்த வீட்டுக்கு விஷயம் தெரியாது. இன்னும் நம்ம ஊர்ல டம்ளரைத் தனியா வைக்கிற வீடு இருக்கு, ஒட்டுற நோயே இல்லாட்டியும். குணமானவங்க ஓட வந்தா கூட்டத்தோட கூட்டமா ஓடட்டும். தனியா ரிப்பன், தனியா நிற டி-ஷர்ட் எதுவும் வேண்டாம். 'போராளி'ன்னு கூப்பிடவும் வேண்டாம். போன மாசம் செத்துப்போனவங்க மட்டும் சரியாப் போராடலயா?

ரெண்டாவது, ஓடுறவங்க உடம்பு. ஒரு ஆம்புலன்ஸ், ஒரு டாக்டர், ரெண்டு நர்ஸ் இல்லாம ஆரம்பிக்காதீங்க. நர்ஸுக்கு நான் வர்றேன், இன்னொருத்தரையும் கூட்டிட்டு வர்றேன். ராத்திரி முழுக்க முழிச்சுட்டு, வெறும் வயித்துல வந்து முதல் சுத்துல வேகமா ஓடுற பசங்கதான் விழுவாங்க, வயசானவங்க இல்ல. வாழைப்பழமும் ஓஆர்எஸ்ஸும் போதும். எட்டு மணிக்குள்ள கடைசி ஆள் முடிச்சிருக்கணும்.

தண்ணிக்கு பிளாஸ்டிக் கப், பாக்கெட் எல்லாம் 2019-ல இருந்து தடை. உள்ள பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் சேர்த்துத்தான். சில்வர் டம்ளர் ஏற்பாடு பண்ணுங்க.

திருமங்கலத்தான் (ஞாயிறு, இரவு 8.47)

அம்மா, டம்ளர் தனியா வச்ச கதை எங்க வீட்லயும் உண்டு. என் சொந்த அக்கா.

எலித் தம்பி எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். என் மக சாப்பிட்ட மாத்திரையும் ஒரு காலத்துல எவனோ ஆராய்ச்சி பண்ணதுதானேன்னு இவ்வளவு நாள் எனக்குத் தோணல. கோபத்துல இருந்தா தோணாது. ஆனாலும் என் பேச்சை வாபஸ் வாங்கல. பணம் கொடுக்கிற இடத்துல, வெளியூர் நோயாளிங்க தங்குற வசதிக்குன்னு தனி நிதி இருக்கான்னு கேட்டுப் பாருங்க. எதுக்குக் கொடுக்கணும்கிறதை மொய் எழுதுறவன் முடிவு பண்ணட்டும்.

ஆய்வுக்கூட_எலி (ஞாயிறு, இரவு 9.15)

நல்ல யோசனை ஐயா. நோட்டுல ரெண்டு பத்தி: ஆராய்ச்சி, நோயாளி உதவி. ஆளுக்கு எதுல இஷ்டமோ அதுல எழுதலாம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையே இப்படி ஊர்ப்பணத்துல எழும்பினதுதான். முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கச்சியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது 1923-ல. அதை மனசுலயே வச்சிருந்து, வீடு வீடாக் கேட்டு, 1954-ல 12 படுக்கையோட ஆரம்பிச்சாங்க. அங்க சிகிச்சையும் ஆராய்ச்சியும் ஒரே வளாகம். பிள்ளைங்க அங்கயே கேட்டுப் பார்க்கலாம்.

விலங்கியல்_மூணு (அடுத்த சனி, மாலை 6.30)

ஒரு வாரமா அலைஞ்சோம். நிலவரம் சொல்றேன்.

தேதி பிப்ரவரி 22 ஞாயிறு, காலை 6.15. பிரின்சிபால் கையெழுத்து வாங்கி கமிஷனர் ஆபீஸ்ல மனு கொடுத்தாச்சு. மாநகராட்சியில 'மைக் இருக்கா, மேடை இருக்கா, பேனர் இருக்கா'ன்னு கேட்டாங்க. மூணுக்கும் இல்லைன்னதும் அந்த சார் நிமிர்ந்து பார்த்தார். கோயில் கடிதம் திங்கக்கிழமை.

கட்டணம் கிடையாது. டி-ஷர்ட், மெடல் கிடையாது. இதுக்கு மன்றத்துல பெரிய சண்டை, ரெண்டு பேர் விலகிட்டாங்க. இருக்கிற சட்டையில முதுகுல ஒரு தாள், நாலு ஊக்கு. தாள்ல நம்பருக்குப் பதிலா அவங்கவங்க யாருக்காக ஓடுறாங்களோ அதை எழுதிக்கலாம், வெறுமையாவும் விடலாம். வாழைப்பழம் மொத்தக் கடையில விலைக்கு வாங்குறோம், மன்ற நிதியில இருந்து. மொய்ப்பணத்துல ஒரு ரூபா தொட மாட்டோம்.

ஆஸ்பத்திரிக்கு மெயில் போட்டு, ரெண்டு நிதிக்கும் தனித்தனியா விவரம் கேட்டிருக்கோம். பதில் கடிதம் வர்ற வரைக்கும் போஸ்டர் அடிக்கிறதா இல்ல. மொய் நோட்டு மட்டும் 150 வாங்கிட்டோம். புதுமண்டபம் பக்கத்துக் கடைக்காரர் 'யாருக்கும்மா கல்யாணம், 150 நோட்டு?'ன்னு கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் முதல் நோட்டுல முதல் வரி அவர்தான் எழுதினார், சுத்துக்கு 25.

சில்வர் டம்ளர் மட்டும் கிடைக்கல. ஹாஸ்டல் மெஸ்ஸுல தரமாட்டேங்கிறாங்க, போன வருஷம் நாப்பது காணாமப் போச்சாம்.

திருமங்கலத்தான் (சனி, மாலை 7.04)

எழுதிக்கோம்மா. சுத்துக்கு 50, நாலு சுத்து. பாதி ஆராய்ச்சி, பாதி தங்குற வசதி. பேரு வேண்டாம், 'திருமங்கலம், ஒரு அப்பா'ன்னு போட்டுக்கோ. மக இப்ப பத்தாவது படிக்கிறா. வரணும்கிறா, ஒரு சுத்து நடக்க விடுவேன்.

வைகை_மண்ணு (சனி, மாலை 7.20)

எங்க காலைப் பொழுது குரூப்ல பன்னெண்டு பேர் வழிகாட்ட நிப்போம். நாலு மூலைக்கும் மும்மூணு பேர், ஆட்டோ உள்ள நுழையாமப் பார்த்துக்குவோம். நோட்டு எனக்கும் ஒண்ணு எடுத்து வை.

சும்மா_வந்தவன் (சனி, மாலை 7.31)

மச்சான் பாத்திரம் வாடகைக்கு விடுறான், காமராசர் சாலையில கடை. 200 டம்ளர், ரெண்டு அண்டா. வாடகை வேண்டாம்னுட்டான், ஆனா எண்ணித்தான் கொடுப்பான், எண்ணித்தான் வாங்குவான். பி பிளாக் தம்பி, சனிக்கிழமை ராத்திரி வந்து எடுத்துக்கிட்டுப் போ. கழுவுறதுக்கு ஆள் வச்சிருக்கீங்களா?

ஹாஸ்டல்_பி_பிளாக் (சனி, மாலை 7.33)

நான்தான் கழுவுறேன்ணே. டி-ஷர்ட் வேணும்னு சண்டை போட்டதுக்கு மன்றத்துல கொடுத்த தண்டனை.